சாட்சிச் சட்டை

அந்தப் பையின் மேல் மட்டும் சாய்ந்துவிடாதீர்கள் தம்பி. உள்ளே சட்டை இருக்கிறது. மடிப்பு கலைந்தால் கோர்ட்டு வாசலில் இஸ்திரிப் பெட்டிக்கு நான் எங்கே போவேன்? இப்படி என் மடியில் வைத்துக்கொள்கிறேன், நீங்கள் தாராளமாக உட்காருங்கள். டவுனுக்குத்தானே? நானும் அங்கேதான். இந்த பஸ் எல்லா இடத்திலும் நின்றுதான் போகும். பேசிக்கொண்டே போகலாம்.

நீங்கள் செங்கல் சூளை ஸ்டாப்பில் ஏறினீர்கள். கையில் ஒரு லுங்கி, துண்டு, சோப்பு, பிஸ்கட் பாக்கெட். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, யாரையோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று. தப்பாக நினைக்காதீர்கள். காலமெல்லாம் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே நிற்கிறவன். மூட்டையைப் பார்த்தால் ஜெயிலுக்கா ஆஸ்பத்திரிக்கா என்று சொல்லிவிடுவேன். ஆஸ்பத்திரி மூட்டையில் ஃபிளாஸ்க் இருக்கும்.

யாரு, அண்ணனா? கூடப் பிறந்தவரா? பெயர்? கஜேந்திரன். நல்ல பெயர். முந்தாநாள் சாயங்காலம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைக் கூட்டிப் போனார்கள், ஸ்டேஷனில் போய்க் கேட்டால் இங்கே இல்லை என்றார்கள், இன்றைக்கு டவுன் கோர்ட்டுக்குக் கொண்டுவருவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதானே? பயப்படாதீர்கள். எல்லாரும் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பிடிபடுகிறார்கள். நான் கேட்டவரைக்கும் ஒருத்தன்கூட வேறு வேலையாக இருந்ததில்லை.

சிரிக்க மாட்டேன் என்கிறீர்கள். சரி.

என் பெயர் ஏகாம்பரம். மேல்பாக்கம் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி இருக்கிறதே, அது என்னுடையது. ஸ்டேஷன் காக்கி முழுக்க என்னிடம்தான். காக்கிக்கு மடிப்பு நிற்க வேண்டும் தம்பி. கஞ்சி கூடினால் முட்டிகிட்ட உடையும், குறைந்தால் பத்து மணிக்கே தொங்கிவிடும். எத்தனையோ இன்ஸ்பெக்டர் வந்தார்கள், போனார்கள். வண்டி அங்கேயே இருக்கிறது. ரோட்டை அகலப்படுத்த வந்து பெட்டிக்கடை, பழக்கடை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்களே, என் வண்டியைத் தொட்டார்களா? தொடவில்லை. அதுதான் மரியாதை.

அந்த மரியாதைக்கு நானும் என்னால் ஆனதைச் செய்வேன். சாட்சி.

சட்டம் என்ன சொல்கிறது? ஒருத்தனிடமிருந்து ஒரு பொருளைக் கைப்பற்றினால் பக்கத்தில் வெளியாள் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மகசர் என்று பெயர். ஆனால் எவன் வருவான் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று ஓடிவிடுவான். நான் எதிரிலேயே நிற்கிறேன். ஸ்டேஷனில் கேஸ் எழுதுகிற ரைட்டர் ஜன்னலிலிருந்து, "யோவ் ஏகாம்பரம்" என்பார். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவேன். எழுதி முடித்து வைத்திருப்பார்கள். கடைசிப் பக்கத்தில் எனக்கென்று இடம் விட்டிருக்கும். போட்டுவிட்டு வந்தால் பெட்டிச் சூடுகூட ஆறியிருக்காது.

பார்க்காமல் போட்டாயா என்று நீங்கள் கேட்கலாம். எதைப் பார்ப்பது? தண்ணீர் டேங்குக்குப் பின்னால் வேலிகாத்தான் புதர். அங்கேதான் எல்லாரும் கத்தியை ஒளித்து வைக்கிறார்கள். அந்தப் புதர் எனக்குத் தெரியும். கத்தியும் எனக்குத் தெரியும், பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். ஒன்றைக் கோர்ட்டில் ஒப்படைத்தால் அடுத்ததும் அதே மாதிரி இருக்கும், ஒரே பட்டறைச் சாமான். கூண்டில் ஏற்றி, "இந்தக் கத்தியா?" என்பார்கள். "இதே கத்திதான்" என்பேன். அதில் என்ன பொய் இருக்கிறது?

கோர்ட்டுக்கென்று தனியாக ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருக்கிறேன். வேறு எதற்கும் போடுவதில்லை, கல்யாணத்துக்குக்கூட. என் வீட்டுக்காரி அதற்குச் சாட்சிச் சட்டை என்று பெயர் வைத்திருக்கிறாள். கசங்கிய சட்டையோடு கூண்டில் ஏறினால் அவன் சொல்வதும் கசங்கித்தான் கேட்கும். எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்டாலும் எனக்கு ஒரே பதில். "நீர் போலீஸுக்கு வேண்டியவர், சம்பவ இடத்துக்கே போகவில்லை, அவர்கள் சொன்னபடி பொய்ச் சாட்சி சொல்கிறீர் என்கிறேன்" என்பார். "என்றால் சரியல்ல" என்பேன். அவ்வளவுதான். கோபப்படக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. என்றால் சரியல்ல. ஜட்ஜ் எழுதிக்கொள்வார். ஒரு வக்கீலம்மா என்னைப் பார்த்து, "இவர் இஸ்திரி போடுவது சட்டைக்கு மட்டும் இல்லை கனம் நீதிபதி அவர்களே" என்று சொன்னார். கோர்ட்டே சிரித்தது. எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது.

யார்மேலும் எனக்குப் பகை கிடையாது தம்பி. ஒருமுறை ஒரு பையனுடைய தாயார் என் வண்டிக்கே வந்துவிட்டார். திட்டவில்லை, அழவில்லை. வீட்டு மரத்து முருங்கைக்காய் ஒரு கட்டு கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்க பாத்ததைச் சொல்லுங்க, பாக்காததைச் சொல்லாதீங்க" என்றார். வாரா வாரம் கொண்டுவந்தார். நல்ல காய், நார் இல்லாமல் சதையாக இருக்கும். கேஸ் வந்தது, நான் வழக்கப்படி சொன்னேன். பையனுக்குத் தண்டனை ஆனது. அடுத்த வாரம் காய் வரவில்லை. எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. காய்க்கும் சாட்சிக்கும் என்ன சம்பந்தம்? பழகின பழக்கத்துக்குக்கூட ஒரு மதிப்பு இல்லையா?

அதை விடுங்கள். என் கதையைச் சொல்கிறேன். என் மகனும் உள்ளேதான் இருக்கிறான்.

ஆமாம். அதுதான் பாருங்கள். போலீஸுக்கு இத்தனை செய்தவன் மகன்.

தயாளன். ஒரே பையன். என்னை மாதிரி இந்தப் பெட்டி சுமக்கிற வேலை அவனுக்கு வேண்டாம் என்று ஐ.டி.ஐ.யில் போட்டேன். போர்வெல் மோட்டார் இறக்கி ஏற்றுகிற வேலை. பூவலூர்ப் பக்கம் வேலைக்குப் போனான். அந்த ஊரில் அப்போது கொல்லைக் கொல்லையாக மோட்டார் ஒயர் அறுத்துச் செம்பு திருடிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் மறியல் பண்ணினார்கள். போலீஸுக்கு ஆள் வேண்டும். இவன் வெளியூர்க்காரன், கையில் கட்டிங் பிளேயர், வண்டியில் ஒயர். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவனும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தானாம், பரோட்டாக் கடையில்.

ஒரு போலீஸ்காரர் நல்ல மனுஷன், போன் பண்ணக் கொடுத்திருக்கிறார். பையன் அழுதுகொண்டே, "ப்பா, எடுக்காததை எடுத்தேன்னு எழுதி வச்சிருக்காங்க, கையெழுத்துப் போடச் சொல்றாங்க" என்றான். எனக்குத் தெரியாத விஷயமா? கையெழுத்துப் போடாதவனை என்ன பண்ணுவார்கள் என்று ஜன்னல் வழியாக எத்தனை கேட்டிருப்பேன். "போட்டுட்றா, போட்டா அடிக்க மாட்டாங்க. மிச்சத்தை நம்ம ரைட்டர்கிட்ட சொல்லி அப்பா பாத்துக்கறேன்" என்றேன். போட்டுவிட்டான். அடிக்கவில்லை. நான் சொன்னது நடந்ததா இல்லையா?

நம் ரைட்டர் பேசியும் பார்த்தார். அது வேறு ஸ்டேஷன், ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் நடந்த அத்தனை ஒயர் திருட்டையும் அவன் தலையில் எழுதிவிட்டார்கள். பாலத்துக்கு அடியில் அவனே கூட்டிப்போய்ச் செம்பை எடுத்துக்கொடுத்தான் என்று மகசர். பூவலூரில் புதர் இல்லை, அவர்களுக்குப் பாலம்.

ஜாமீன் கிடைத்தது. கிடைத்து என்ன பண்ண? அந்த ஊரில் சொத்து உள்ளவர்கள் இரண்டு பேர் பொறுப்பு ஏற்க வேண்டும் என்றார் நீதிபதி. தெரியாத ஊரில் ஒயர் திருடன் என்று பெயர் வாங்கினவனுக்கு எவன் வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவான்? ஜாமீன் பேப்பர் கோர்ட்டில் இருக்கிறது, பையன் ஜெயிலில் இருக்கிறான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஜெயிலில் இருந்தபடியே கோர்ட்டு டி.வி.யில் முகம் காட்டுவான். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்துத் தேதி சொல்வார். முகம் போய்விடும். அடுத்த முகம். அவனுக்கு இலவசமாக வாதாடுகிற வக்கீல் பெண் ஒன்று இருக்கிறது. அது சொல்கிறது, உள்ளே இருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்களாம். கோர்ட்டில் ஜட்ஜ் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் என் மகனே இந்நேரம் தண்டனை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பானாம். இடமில்லாமல் முறை வைத்துப் படுக்கிறார்களாம் தம்பி, பாதிப் பேர் உட்கார்ந்திருந்தால்தான் பாதிப் பேர் தூங்க முடியும். "இத்தனை பேரை யாரு உள்ள அனுப்பறாங்கன்னு நெனைக்கிறீங்க?" என்று அந்தப் பெண் என்னையே கேட்டது. எனக்கு எப்படித் தெரியும்?

ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கப் போயிருக்கிறீர்களா? இல்லையா? அப்படியென்றால் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கு உதவும். இரண்டு கம்பி வலை, நடுவில் இடைவெளி. இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். காது கேட்காது, முகமும் சரியாகத் தெரியாது. முதல் தடவை போனபோது இவன் என்னைப் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். நான் பலம் கொண்ட மட்டும், "தயாளா, நான்தான்டா, மேல்பாக்கம் ஸ்டேஷன் ஏகாம்பரம், ஒங்கப்பன்" என்று கத்தினேன்.

என்ன ஆச்சு தெரியுமா? அந்தப் பக்கம் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. வரிசையாக நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போய்விட்டது. நம் பக்கத்துப் பையன்கள் எத்தனை பேர்! ஒருத்தன் எனக்குக் கும்பிடுகூடப் போட்டான். தண்ணீர் டேங்க் கேஸ் பையன், முருங்கைக்காய் அம்மா மகன். நானும் கையை ஆட்டினேன். ஊர்ப் பையன்கள் கூட இருக்கிறார்கள், இனி கவலை இல்லை, இவனைப் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு ஒரு தெம்பு.

தயாளன் முகம் மட்டும் சாம்பலாகிவிட்டது. வலையில் வாயை வைத்து ஏதோ சொன்னான். இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகுதான் புரிந்தது. "ஒன் பேரை ஏன்பா சொன்ன? நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல." பையன் அப்பா இஸ்திரி போடுகிறவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிறான். படிக்க வைத்தால் இப்படித்தான்.

அடுத்த தடவை போனேன். வலது கையில் கட்டு, மூன்று விரலைச் சேர்த்துக் கட்டியிருந்தது. என்னடா என்றேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றான். விழுகிறவன் கையை ஊன்றினால் மணிக்கட்டுதானே போகும், விரல் எப்படிப் போகும் என்று வீட்டுக்காரி அழுதாள். பெண்களுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். உள்ளே பாசி பிடித்த தரை, விழத்தான் செய்வார்கள். அன்றைக்குக் கிளம்பும்போது அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "ப்பா, இனிமே யாருக்கும் கையெழுத்துப் போடாத. என்கிட்ட இன்னும் ஒரு கைதான் மிச்சம் இருக்கு." வலி வேகத்தில் உளறுகிறான் பாவம். சீக்கிரம் வெளியே எடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன். அவன் மெலிந்துகொண்டே போகிறான் தம்பி. சோற்றைப் பிடுங்கிக்கொள்கிறார்களோ என்னவோ.

அதற்காகத்தான் இந்தச் சட்டை.

இன்றைக்குத்தான் அவன் கேஸில் சாட்சி விசாரணை. பூவலூர் மகசர் சாட்சி பச்சையப்பன் என்று ஒரு ஆள். ஸ்டேஷனுக்கு எதிரே சைக்கிள் ஸ்டாண்ட் வைத்திருக்கிறான். அவன் "நான் பார்க்கவில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் கேஸ் உடைந்துவிடும் என்கிறது வக்கீல் பெண். நான் நேரில் போனேன். மரியாதையான ஆள்தான், ஸ்டூல் போட்டான், டீ வரவழைத்தான். ஐயா, என் மகன் பாலத்துக்கு அடியில் செம்பு எடுத்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். அந்தப் பாலம் எனக்குத் தெரியும் என்கிறான். செம்பைப் பார்த்தீர்களா என்றேன். செம்பு செம்பு மாதிரிதானே இருக்கும் என்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பார்க்காமல் எப்படிய்யா ஒருத்தன் வாழ்க்கையில் கையெழுத்துப் போடுவாய்? ஒரு பிள்ளை உள்ளே கிடந்து சாகிறானே, உனக்குச் சோறு எப்படி இறங்குகிறது? ஸ்டாண்டு ஸ்டேஷன் புறம்போக்கில் இருக்கிறது என்றால் அதற்காக என்ன வேண்டுமானாலும் சொல்வாயா? வாயைத் திறந்து கேட்டே விட்டேன், "பொய்ச் சாட்சி சொல்லித்தான் பொழைக்கறியா நீ?" என்று.

அவன் கோபப்படவில்லை. டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு என்ன சொன்னான் தெரியுமா? "என்றால் சரியல்ல."

நீங்களே சொல்லுங்கள் தம்பி. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?

ஆனால் நான் விடவில்லை. அவன் கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. கோர்ட்டுக்குப் போடுகிற சட்டை என்றான். காலர் சுருங்கி, பை கசங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. கொடுங்கள், நான் போட்டுக் கொண்டுவருகிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன். நேற்று உட்கார்ந்து கஞ்சி போட்டு, கரிப்பெட்டியில் நிதானமாகத் தேய்த்தேன். இப்படி ஒரு மடிப்பு இன்ஸ்பெக்டருக்கே போட்டதில்லை. இதைப் போட்டுக்கொண்டு கூண்டில் ஏறுகிறவன் என் மகனுக்கு எதிராகப் பேசுவானா? கைநீட்டி வாங்கிவிட்டு எதிராகச் சொல்ல ஒரு மனுஷனுக்கு மனசு வருமா? வராது. எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

கொஞ்சம் இருங்கள், போன் அடிக்கிறது. நம் ரைட்டர்.

ஐயா, வணக்கம் ஐயா... பஸ்ஸில் வருகிறேன் ஐயா, டவுன் கோர்ட்டுக்குத்தான். பையன் கேஸ்... அப்படியா? அங்கேயே கொண்டுவருகிறீர்களா? அப்போ வசதியாகப் போச்சு. கோர்ட்டு வாசலிலேயே நிற்கிறேன்... என்ன கேஸ் ஐயா? வழிப்பறி. கத்தி... அதே இடம்தானே? சரி. ஆள் பேரு?... சூளை கஜா. பேரு நல்லா வச்சிருக்கீங்க ஐயா. முழுப்பேரு?... ஆமா ஆமா. தேதி நீங்களே பாத்துப் போட்டுக்குங்க. இடம் விட்டு வையுங்க. வச்சிடறேன்.

ரைட்டர் அடைமொழி வைப்பதில் பெரிய கெட்டிக்காரர். சும்மா கஜேந்திரன் என்றால் நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

என்ன தம்பி, முகம் இப்படி ஆகிவிட்டது? உங்கள் அண்ணன்தான் போலிருக்கிறது. இதில் என்ன இருக்கிறது, தெரிந்த ஆள் கையெழுத்துப் போடுவது நல்லதுதானே? யாரோ ஒரு பச்சையப்பன் போடுவதற்கு நான் போடுவது மேல் இல்லையா? நான் ரைட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன், கை வைக்காதீர்கள் என்று. நீங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள், காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடச் சொல்லுங்கள். அடிக்க மாட்டார்கள். சொந்த மகனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

ஏன் என் கையையே பார்க்கிறீர்கள்? இந்தத் தழும்பா? பெட்டிச் சூடு. தொழில் அப்படி.

டவுன் வந்துவிட்டது, அதோ பெட்ரோல் பங்க். சாயங்காலத்துக்குள் அண்ணனை அதே ஜெயிலுக்குத்தான் கொண்டுபோவார்கள். முதல் நாள் உள்ளே போகிறவனுக்கு யாராவது தெரிந்த முகம் வேண்டும்.

என்ன கேட்டீர்கள்? இத்தனை நேரத்தில் இப்போதுதான் நீங்களாக வாயைத் திறக்கிறீர்கள். என் மகன் எந்த பிளாக் என்றா?

இரண்டாவது பிளாக், தம்பி. கிணற்றை ஒட்டின பக்கம். தயாளன் என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பெயரில் இன்னும் யாராவது இருப்பார்கள், அண்ணன் குழம்பிவிடப் போகிறார். மேல்பாக்கம் ஏகாம்பரம் மகன் என்று சொல்லச் சொல்லுங்கள். உள்ளே எல்லாருக்கும் தெரியும்.